நாலு வோல்ட் நீலம்

வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்துவிட்டு, எலக்ட்ரீஷியன் ஒரு நொடி காத்திருந்தார். "கட்டர் எதுக்கு இருக்கு? பல்லு போயிடும்" என்று இருபத்தாறு வருடமாகத் திட்டிய மனைவி, கட்டிலில் வாயைத் திறக்காமல் கிடந்தாள்.

இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியே கசிந்து, அறை நீருக்கடியில் இருப்பதுபோல் மெல்ல அசைந்தது.

அவர் உள்ளங்கையில் நகமளவு கண்ணாடித் துண்டு. அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பெண் கொடுத்துவிட்டுப் போனது. அதில் மனைவி செய்த கரிமப் பொருள் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. மின்சாரம் பட்டால் படலமே ஒளிரும். சிவப்பும் பச்சையும் தாக்குப்பிடிக்கும், நீலம்தான் சீக்கிரம் போய்விடும். நீடித்து எரியும் ஒரு நீலத்துக்காகப் பதினோரு வருடம் மல்லுக்கட்டினாள். எரியவிட்டு மணிக்கணக்கு எழுதுவார்கள். வெளிச்சம் பாதியாகிவிட்டால் ஆயுள் முடிந்தது என்று கணக்கு.

"பாதி எரியுதே, அதைப் போய் செத்துடுச்சுங்கறியே!" என்று வம்புக்கு இழுப்பார். அவருக்கு பல்பு என்றால் எரியும், இல்லாவிட்டால் எரியாது.

"அக்கா இதை இன்னும் கண்ணால நல்லா பார்க்கலண்ணா" என்றிருந்தாள் அந்தப் பெண். "நாலு வோல்ட்டுக்கு மேல குடுத்துடாதீங்க. சாயங்காலம் திரும்ப டெஸ்ட்ல மாட்டணும். இதோட சேர்த்து மொத்தம் நாலு துண்டுதான் எரியுது."

நாலு வோல்ட் கொடுத்தார். துண்டு மங்கலாக ஒளிர்ந்தது.

"தெரியுதாம்மா?"

"எங்கங்க?"

திரைச்சீலையை இழுத்து மூடினார். அவள் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்தார்.

"காணோமே" என்றாள், ஏதோ தானே தொலைத்துவிட்டதுபோல.

அவருக்கு அழுகை முட்டியது. பைக்குள் துழாவி, வோல்ட் பார்க்கும் மீட்டரில் இருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கழற்றினார். கருகிவிடும் என்று தெரிந்தேதான் வைத்தார்.

நீலம் பொங்கியது. தலையணை, தண்ணீர் டம்ளர், அவள் கன்னம், கூரை எல்லாம் நீலம். அவள் கண்களை அகல விரித்தாள். அறை எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது. மூன்று மூச்சு நேரம். பிறகு ஒரு கரும்புள்ளி விழுந்து, அணைந்தது.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"நாலுதான்."

"பொய். ஒம்போது." உதடு கோணியது. "படுபாவி."

அந்தத் திட்டைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றரை மணி வாக்கில் அந்தப் பிடி தளர்ந்தது.

டாக்டர் வந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். மாலையில் அந்தப் பெண் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். அவர் கண்ணாடித் துண்டை நீட்டினார்.

"ஒம்போது குடுத்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்தாள். "எப்பண்ணா அணைஞ்சது?"

"மூணு பத்துக்கு."

எழுதினாள்.

"மத்த மூணும்?"

"எரியுதுண்ணா."

வருகிறவர்களுக்காக வாசலில் ஒரு விளக்கு போடச் சொல்லி யாரோ உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் எழுந்து வயரை எடுத்தார். பழக்கத்தில் வாய்வரை கொண்டுபோனவர், கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பைக்குள் கட்டரைத் தேட ஆரம்பித்தார்.