கடைசியாக மருந்து எடுத்தது எப்போது?

செம்மேட்டில் கிளம்பிய பஸ் முதல் வளைவைத் தாண்டுவதற்குள்ளேயே செல்லமுத்து தன் சத்தியத்தை மறுபடியும் மீறிவிட்டான். மலை இறங்கினால் அவன் மனைவி ருக்குமணிக்குக் குமட்டும். ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துச் சட்டையின் உள்பையில் மிச்சமிருந்த வலி மாத்திரைகளை எல்லாம் வாயில் போட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். கசப்பு தொண்டையிலேயே நின்றது. இந்த மாத்திரையை விட்டொழிக்கத்தான் இப்போது கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அது தெரியாமல் அவன் செய்யவில்லை. தெரிந்தே செய்த காரியங்கள்தான் அவனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டிருந்தன.

மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணி சறுக்கி விழுந்தவன் அவன். இடுப்பில் எலும்பு விட்டுப்போனது. அப்போது கொடுத்த மாத்திரை வலியை மட்டுமா எடுத்தது? ஊர்ப்பட்ட கவலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. படுத்திருந்தவனுக்கு அது சொர்க்கமாக இருந்ததில் ஆச்சரியம் என்ன! எலும்பு கூடிற்று, நடமாட ஆரம்பித்தான், டாக்டரும் போதும் என்று சொல்லிவிட்டார். மாத்திரைதான் போதும் என்று சொல்லவில்லை. சீட்டு கேட்காமல் கொடுக்கிற ஆள் ஒருத்தன் அடிவாரத்தில் கிடைத்தான். ஒன்று இரண்டாகி, இரண்டு அரை அட்டையாகி, முழு அட்டையில் வந்து நின்றது. சொர்க்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. போடாவிட்டால் கொட்டாவிமேல் கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், வியர்த்துக் கொட்டும், வயிறு போகும், கால் நரம்பை யாரோ உள்ளே இருந்து இழுப்பார்கள். போட்டால் எழுந்து நடக்கலாம். அவ்வளவுதான் அதில் இருந்த சுகம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆள் சாப்பிடுவதில்லை, பட்டப்பகலில் தூங்கி வழிகிறான், சொறிந்துகொண்டே இருக்கிறான், நாளுக்கு நாள் வற்றிப்போகிறான். ருக்குமணி யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள். ஆளை உருக்குலைப்பதற்கென்றே கலந்து கொடுக்கிற மருந்து அது. வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அதை எடுப்பதற்கென்று மலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் ஒருவர் இருந்தார். அவர் செல்லமுத்துவின் உள்ளங்கையில் ஏதோ இலைச்சாற்றை ஊற்றினார். சாறு தயிர்போல உறைந்தது. யார் கையில் ஊற்றினாலும் உறைகிற சாறு என்று செல்லமுத்துவுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

மருந்து இருக்கிறது என்றால் வைத்த கை ஒன்று இருக்க வேண்டுமே. "கடைசியா வெளிய எங்க சாப்பிட்டீங்க?" என்று அவர் கேட்டார். செல்லமுத்து வாயெடுப்பதற்குள் ருக்குமணி முந்திக்கொண்டாள். "இவுங்க அக்கா ஊட்டுலதானுங்க. பைல் நாட்டுல. அங்க தின்னுட்டு வந்ததுல இருந்துதான் இப்படி."

அக்கா பாப்பாயி, தம்பி மரத்திலிருந்து விழுந்து பிழைத்தானே என்று கோழி அடித்துச் சாமைச்சோறு ஆக்கிப் போட்டவள். அன்றைக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று அவன் வழக்கத்தைவிடக் கூடுதலாக மாத்திரை போட்டிருந்தான். சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து, பொழுது சாய்கிற வரைக்கும் எழவில்லை. அதுவே சாட்சியாகிவிட்டது. ருக்குமணி நேராகப் பைல் நாட்டுக்குப் போனாள். பாப்பாயியின் வீட்டு வாசலில் நின்று, ஊர் கூடி வேடிக்கை பார்க்க, மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். கூடவே போன செல்லமுத்து பக்கத்தில் நின்றான். பாப்பாயி அவனைத்தான் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மருந்து வைத்துவிட்டார்கள் என்றால் ஊர் உச்சுக்கொட்டும். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டான் என்றால் காறித் துப்பும். உச்சுக்கொட்டுவதே அவனுக்குத் தோதாக இருந்தது. அக்காவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு அதன் நிழலில் அவன் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

கடைசியில் அவனைக் கண்டுபிடித்தவள் சுகாதார நிலையத்து நர்ஸ் கோகிலா. ஊசி போட வந்தவன் விடுகிற கொட்டாவியையும் ஒழுகுகிற மூக்கையும் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு நாளைக்கு எத்தன அட்டை?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்படி யாரும் கேட்டதே இல்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கு வைத்தியம் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்றே டாக்டர் இருக்கிறார், வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ருக்குமணியையும் கூப்பிட்டுச் சொன்னாள். ருக்குமணி பொறுமையாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "வெச்ச மருந்துதான் இவரை மாத்திரை பக்கம் இழுத்துருக்குது. மொதல்ல அதை எடுத்துட்டு அப்புறம் போலாமுங்க" என்றாள். அமாவாசைக்கு மறுபடியும் திண்ணனூர் நாட்டுக்காரரிடம் போய் எடுத்தாயிற்று. இனி இங்கிலீஷ் மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அவர் முன்னால் செல்லமுத்து சத்தியமும் பண்ணினான். அது முந்தாநாள். அன்றைக்குச் சாயங்காலமே தொட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கூட்டமான கூட்டம். பெஞ்சில் இடம் கிடைக்கிற வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ருக்குமணிக்கு முகமெல்லாம் வெளிறிக்கிடந்தது. பஸ்ஸில் வாந்தி எடுத்தவள் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. 'இவளை என்ன பாடு படுத்திவிட்டேன்' என்று அவனுக்கு இருந்தது. அந்த நினைப்பும் மாத்திரை மயக்கத்தில் பாதியில் கரைந்துபோனது.

டாக்டரம்மா சின்ன வயசு. அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். விழுந்தது, எலும்பு, அட்டை, விட்டால் வருகிற உபத்திரவம். செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பிறகு அவர், "சரி, கடைசியா எப்ப மருந்து எடுத்தீங்க?" என்றார்.

அவன் வாய் திறப்பதற்குள் ருக்குமணி சொன்னாள். "முந்தாநேத்துங்க. அமாவாசை அன்னைக்கு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எடுக்கலீங்க டாக்டரம்மா. ஒருக்கா எடுத்தாப் போதும்னு சொல்லிட்டாருங்க."

டாக்டருக்கு மருந்து எடுப்பது என்றால் வாயில் போட்டுக்கொள்வது. ருக்குமணிக்கு வயிற்றிலிருந்து வெளியே எடுப்பது. இரண்டு பேரும் இரண்டு சங்கதியைப் பேசுகிறார்கள் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் செல்லமுத்து. அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. யாரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் அதைக் கலைக்காமல் இருந்தாலே போதும்.

டாக்டர் எழுந்து வந்து அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் கண்ணைப் பார்த்தார்.

"முந்தாநாளே நிறுத்தின கண்ணு மாதிரி இல்லையே இது. கண்ணுப்பாப்பா சின்னதா ஊசிமுனை மாதிரி இருக்கு," என்றார். "இங்க பாருங்க, நான் திட்டறதுக்குக் கேக்கல. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஒண்ணு தரப்போறேன். அது உங்களை இதுல இருந்து வெளிய கொண்டுவரும். ஆனா அந்த வலி மாத்திரை உடம்புல இருக்கிறப்ப இதை வெச்சா, நீங்க இதுவரைக்கும் பட்ட அவஸ்தை எல்லாம் சேர்ந்து ஒரேயடியா வரும். தாங்கமாட்டீங்க. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டீங்க. அதனால நீங்களே சொல்லுங்க. கடைசியா எப்ப?"

"அவரு பொய் சொல்ல மாட்டாருங்க," என்றாள் ருக்குமணி. "என் முன்னாலதான் சத்தியம் பண்ணுனாரு."

அவள் குரலில் இருந்த நம்பிக்கை அவனை அறைந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். முந்தாநாள் என்றே சொல்லிவிட்டால் அவன் சத்தியம் பிழைத்துக்கொள்ளும், உடம்பு நாசமாகும். உண்மையைச் சொன்னால் உடம்பு பிழைக்கலாம், மற்றதெல்லாம் நாசமாகும். எவ்வளவு காலத்துக்குத்தான் ஒளிந்துகொண்டே இருப்பது? அவனுக்குச் சலித்துப்போயிருந்தது. மாத்திரையைவிட, அதை மறைக்கிற வேலைதான் அவனைத் தின்றிருந்தது.

"இன்னைக்குக் காத்தாலைங்க," என்றான். "பஸ்ஸுல. இவ அந்தப் பக்கம் திரும்பியிருந்தப்ப."

டாக்டர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். சொன்னது நல்லதாயிற்று, இன்று மாத்திரை கிடையாது, வார்டில் படுங்கள், உடம்பு கேட்க ஆரம்பிக்கும், கஷ்டமாகத்தான் இருக்கும், நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம், சரியான நேரம் வந்ததும் ஆரம்பிப்போம் என்றார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வார்டுக் கட்டிலில் உட்கார்ந்ததும் ருக்குமணி கேட்டாள்.

"ஏனுங்க, முந்தாநேத்து எடுத்தது?"

"அது ஒண்ணுமில்ல ருக்கு. எடுக்கறதுக்கு வயித்துல எதுவும் இல்ல. எல்லாம் நானாப் போட்டுக்கிட்ட மாத்திரை."

"அப்ப உங்கக்கா போட்டது?"

"சோறு."

"வெறும் சோறுங்களா?"

"வெறும் சோறுதான்."

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "நான் மண்ணை வாரித் தூத்துனனே. நீங்க பக்கத்துல நின்னீங்களே."

"நின்னேன்."

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. போனை எடுத்து எண்ணைத் தேடிப்பிடித்து அழுத்தி அவன் கையில் வைத்தாள். "நான் அப்புறம் பேசிக்கறன். மொதல்ல நீங்க சொல்லுங்க."

மணி அடித்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தான். எடுத்தாள். அவன் "அக்கா" என்றான்.

"உடம்பு எப்படி இருக்குது சாமி?" என்றாள் பாப்பாயி. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சோறு தின்னயான்னு கேக்கறதுக்கே எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

ருக்குமணிக்கும் அது கேட்டது. அவள் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.