விரலைக் கொடுத்தவன்

அம்பத்தூரில் தகடு அடிக்கும் அந்தக் கம்பெனியின் ஆபீஸ் ரூமுக்கு வெளியே, பெஞ்சில் இக்னேஷியஸும் லிபினும் நஷ்டஈடு கேட்கக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தகட்டை வெட்டும் பிரஸ் மெஷின் விழும் ஒவ்வொரு அடிக்கும் பெஞ்சு அதிர்ந்தது. லிபின் கட்டுப்போட்ட வலது கையைத் தொடைமேல் வைக்காமல் தூக்கியே பிடித்திருந்தான்.

போன புதன்கிழமை பிரஸ் அவனுடைய இரண்டு விரல் நுனிகளை நசுக்கியபோது, பக்கத்து மெஷினில் நின்றவன் இக்னேஷியஸ். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, வேலை தடைபடுகிறதென்று எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் தமிழரசுதான் தன் காரிலேயே ஏற்றிப்போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பம் மைதானத்தில் ஃபுட்பால் ஃபைனல். மாங்காட்டு அணியோடு ஆட்டம். வழக்கம்போல வர்ணனை மைக் இக்னேஷியஸிடம். கடைசி நேரத்தில், ஆள் இல்லாமல், வேடிக்கை பார்க்க வந்த லிபினைக் கைக்கட்டோடு இறக்கினார்கள். மெஷினில் போன விரல் என்று சொல்லத்தான் இக்னேஷியஸ் வாயெடுத்தான். எதிரே முதல் வரிசையில், பரிசுக் கோப்பையோடு தமிழரசு உட்கார்ந்திருந்தார். வார்த்தை தானாக வளைந்துகொண்டது.

"நம்ம லிபின் வந்துகினு கீறான் பாருங்க. இந்த ஊருக்கோசரம் வெரலையே குடுத்தவன்யா அவன்."

மைதானம் ஒரு கணம் அடங்கி, பிறகு எழுந்து நின்றது. மாங்காட்டுக்காரர்களும் கைதட்டினார்கள். மைதானத்தோர டீக்கடை வசந்தகுமாரி பால் பொங்குவதை விட்டுவிட்டு அழுதாள். லிபின் தலையால் முட்டிக் கோல் போட்டுக் கீழே விழுந்தான். கட்டு சிவந்தது. மைக்கைப் பிடித்தபடி இக்னேஷியஸும் அழுதான்.

பெஞ்சில் இருந்த இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். தமிழரசு போனில், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் யாரோ எடுத்த வீடியோவை ஓடவிட்டார். கூட்டத்தின் சத்தம் அறையை நிறைத்தது.

"ஆட்டத்துல அடிபட்டதுக்குக் கம்பெனி என்னப்பா பண்ணும்? கை ஆறட்டும், அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் வரவேணாம்."

"பிரஸ்ல போச்சு சார். நீங்கதான கார்ல இட்டுகினு போனீங்க," என்றான் லிபின்.

"மனுஷனுக்கு மனுஷன் செய்யற உதவி அது." தமிழரசு இக்னேஷியஸைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா."

"பிரஸ்லதான் சார்."

"அப்ப மைக்ல சொன்னது பொய்யா?"

பொய்யா? இக்னேஷியஸ் யோசித்தான். பொய்க்கா அத்தனை பேர் அழுதார்கள்? அவனே அழுதானே. தமிழரசு வீடியோவை மறுபடி ஓடவிட்டார்.

வெளியே வந்து நேரே டீக்கடைக்குப் போனார்கள். "அக்கா, இவன் வெரலு புதன்கெழமையே மெஷின்ல போச்சு, உனக்குத் தெரியுமில்ல? யாராச்சும் கேட்டா சொல்லுவியா?" என்றான் இக்னேஷியஸ்.

வசந்தகுமாரி வடிகட்டியைக் கீழே வைத்தாள். "இன்னா ஒளற்ற? நான் கண்ணால பாத்தேனே. முட்டினான், வுழுந்தான், ரத்தம் கொட்டிச்சு."

"வரும்போதே கட்டு இருந்திச்சேக்கா."

"கட்டா?" அவள் லிபினின் கையைப் பார்த்தாள். குழம்பிப்போய் இக்னேஷியஸிடம் திரும்பினாள். "ஊருக்கோசரம் குடுத்தான்னு நீதானப்பா சொன்ன?"

"ஏன் அண்ணாத்தே அப்டி சொன்ன?" என்று லிபின் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இக்னேஷியஸ் கண்ணை மூடி, புதன்கிழமையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். பிரஸ் வரவில்லை. பந்துதான் வந்தது, புழுதி வந்தது, எழுந்து நிற்கும் கூட்டம் வந்தது.

ரோட்டில் போன பைக் ஒன்று திரும்பிவந்து நின்றது. "தலைவா, நீங்கதான அது? நான் மாங்காடு. தோத்தது நாங்கதான், ஆனா உங்களை மறக்க முடியல. ஒரே ஒரு போட்டோ."

லிபின் டீ கிளாஸை வைக்க இடம் தேடினான். அதற்குள் அந்த ஆள் தோளில் கைபோட்டு, கட்டுப்போட்ட கையை ஜாக்கிரதையாகப் பிடித்து, கேமராவில் நன்றாகத் தெரியும்படி உயரத் தூக்கினான்.

"கொஞ்சம் சிரிங்க தலைவா," என்றான்.

லிபின் சிரித்தான்.