நல்லெண்ண விடுதலை

கிழிந்த வலையை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது என் தங்கை நிஸ்ரின் வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். அன்று புத்தளம் நீதிமன்றத்தில் வழக்கு. எங்கள் கடலில் மீன்பிடித்த இந்திய இழுவைப்படகு ஒன்றைக் கடற்படை பிடித்திருந்தது. அந்தப் படகு என் வலைக்கு மேலால் போனதை நான் கண்ணால் கண்டவன். வலையைக் கொண்டுவந்து காட்டிச் சாட்சி சொல்லும்படி கடற்றொழில் அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள்.

“எங்க போறீங்க நானா?”

“தெரியாத மாதிரிக் கேக்காத. வழக்குக்கு.”

“போகாதீங்க.”

அவளுடைய மாப்பிள்ளை ஸியாத் நோன்புக்கு முந்திக் கடலுக்குப் போனவன். எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய், எல்லை தாண்டியதாக இந்தியாப் பக்கத்தில் பிடித்துவிட்டார்கள். அங்கே ஏதோ ஒரு சிறையில் இருக்கிறான். பெருநாளும் வந்து போய்விட்டது. அங்கிருந்து ஒரே ஒரு தடவை கோல் எடுத்தான். “பிள்ளையள் சாப்பிட்டாங்களா” என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

“இவங்கள விட்டாத்தான் நானா அவர விடுவாங்க. நீங்க சாட்சி சென்னா இவங்களுக்குத் தண்டன. பொறகு அவங்க என்னத்துக்கு எங்கட ஆள விடுறாங்க?”

“அது ரெண்டு அரசாங்கமும் பேசுற விசயம். என்ட வலைக்கும் அதுக்கும் என்ன?”

“நோன்புக்குக் கஞ்சி குடுத்தனுப்புற கோப்பய ஆராச்சும் வெறுமனயா திருப்பி அனுப்புறாங்க? ஒரு பேரீச்சம்பழமாச்சும் போட்டுத்தானே தருவாங்க. நாடெண்டாலும் மனிசர்தானே.”

எங்கள் கரைத்தீவில் எந்த வீட்டிலிருந்தும் கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்து நான் கண்டதில்லை. இல்லாத வீட்டிலிருந்துகூட இரண்டு கறிவேப்பிலைக் கொப்பாவது வரும். அவள் சொன்னது சரியென்றுதான் பட்டது. கயிற்றை அவிழ்த்து வலையை இறக்கிவிட்டேன். வண்டிக்காரப் பையன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

பின்னேரம் மீனவர் சங்கத் தலைவர் சாஹுல் ஹமீது காக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

“மச்சானுக்காகக் கடல வித்துட்டியா உசனார்? உனக்கு மட்டுமா வலை போனது? இனி அவங்க வந்தா வெத்தில வெச்சுக் கூப்புடு!”

அவருடைய வலையும் போன வருசம் போனதுதான்.

வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் இந்தியாவிலிருந்து அரசாங்கப் பெரியவர் ஒருவர் கொழும்புக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. அதை முன்னிட்டு, நல்லெண்ணத்தின் பேரில் பிடிபட்ட இந்திய மீனவர்களை விடுதலை செய்வதாக அடுத்த செய்தி வந்தது. நிஸ்ரின் நன்றி சொல்லி, நெற்றி நிலத்தில் பட ஷுக்ருடைய ஸஜ்தா செய்தாள். ஸியாதின் சட்டையைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, சாரத்தோடு சேர்த்து ஒரு பார்சலாகக் கட்டினாள்.

அவர்களை ஏற்றிப்போக பஸ் வந்த அன்று நானும் அவளும் புத்தளத்துக்குப் போனோம். யன்னலோரம் நரைத்த தாடியோடு ஒருவர் இருந்தார். அவரிடம் பார்சலை நீட்டினாள்.

“ஸியாத் எண்டு கேளுங்க. உங்கட நாட்டுலதான் வெச்சிரிக்காங்க.”

“எந்த ஜெயிலும்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது.

“எங்கள எங்க எறக்குவாங்கன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. கேட்டுப் பாக்குறேன்” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணனும் தொழில்தானா?” என்றார்.

“ஓம்” என்றேன். வலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்வது?

பஸ் போன பிறகு கடற்றொழில் அலுவலக ஐயாவிடம் ஸியாதை எப்போது விடுவார்கள் என்று கேட்டேன். அவர் சிங்களவர், நல்ல மனிதர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

“அது வேற கேஸ் உசனார். நாங்க விட்டா அவங்களும் விடணும் எண்டு எங்கயும் பேச்சில்ல. நாங்க சின்ன ஆக்கள். கேக்க ஏலாது.”

“அப்ப நான் சாட்சிக்கு வந்திருந்தா?”

“வந்திருந்தாலும் விட்டுத்தான் இருப்பம். மேலிடத்து ஓடர்.”

நிஸ்ரின் பக்கத்திலேயே நின்றாள். அந்த இந்தியப் பெரியவர் கொழும்பில் வந்திறங்கிய இரவு, டீவியில் கைகுலுக்கியதிலிருந்து லொத்தர்ச் சீட்டு முடிவு வரைக்கும் எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் எங்காவது ஸியாதின் பெயர் வந்துவிடும் என்பது போல. பிறகு ஸியாதின் வழக்குத் தவணை தவணையாகத் தள்ளிப் போனது. அங்கே விசாரணைக்கு இன்னும் எடுபடவேயில்லை என்றார்கள்.

சாஹுல் ஹமீது காக்காவே தன் பழைய வலையைக் கொண்டுவந்து போட்டார். “புள்ளையளப் பட்டினி போடாத. ஆனா இதையும் நல்லெண்ணத்துக்குக் குடுத்துடாத” என்றார். சிரிக்கவில்லை.

நான் கடலுக்குப் போகும் நாளெல்லாம் நிஸ்ரின் கரைவரை வருவாள். “அவங்கட படகக் கண்டா அவரப் பத்திக் கேளுங்க நானா” என்பாள். அது மட்டும்தான்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு மேற்கே ஒரு இழுவைப்படகு தெரிந்தது. கடலில் போட்டிருந்த வலையை இழுத்தெடுக்க நேரம் இருந்தது. பாதியளவாவது வந்திருக்கும். நான் வலையை விட்டுவிட்டு, எஞ்சினைப் போட்டு அந்தப் படகை நோக்கிப் போனேன். அதன் பின்பக்கத்தில் ஒருவன் குந்தியிருந்து அரிசி களைந்துகொண்டிருந்தான்.

“ஸியாத்!” என்று கத்தினேன். “கரைத்தீவு ஸியாத்! அங்க இரிக்காரா?”

அவன் காதில் கையை வைத்தான். நான் எழுந்து நின்று மறுபடி கத்தினேன். இரண்டு எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் சட்டியை வைத்துவிட்டு எழும்பி எனக்குப் பின்னால் கையை நீட்டி நீட்டிக் காட்டினான்.

திரும்பிப் பார்த்தேன். அங்கே இன்னொரு இழுவைப்படகு போய்க்கொண்டிருந்தது. காக்காவின் வலை மிதவைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.