நெஞ்சுக்கு மார்க்

குத்துக்கல்வலசையில் நெஞ்சு என்றால் இரண்டே பேர்தான். ஒருவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மாடக்கண்ணு. இன்னொருவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற முப்பிடாதி. முப்பிடாதியின் அக்காள் இசக்கிச்செல்வியைத்தான் மாடக்கண்ணு கட்டியிருந்தார். அத்தானுக்கும் மைத்துனனுக்கும் வயல் வரப்பில் சண்டை கிடையாது, சொத்தில் மனத்தாங்கல் கிடையாது. பட்டாளத்து நெஞ்சு பெரிதா, போலீஸ் நெஞ்சு பெரிதா என்ற ஒரே வழக்குதான். ஆளெடுப்பில் டேப் வைத்து அளந்த அளவைப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் இருவரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முப்பிடாதியைப் பொறுத்தவரை இப்போது டேப்பை வயிற்றில் வைத்தால்தான் நல்ல அளவு கிடைக்கும். அதை அவரிடம் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

அந்த ஊருக்குத்தான் எக்ஸ்ரே வண்டி வந்தது. காசநோயைத் தேடி வருகிற வண்டி. ஆயிரக்கணக்கான நெஞ்சுப் படங்களைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர் ஒன்று அதில் இருந்தது. படம் எடுத்த கையோடு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் காட்டும். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தவன் விஷயத்தை இன்னும் சுருக்கி, கம்ப்யூட்டர் உங்கள் நெஞ்சைப் பார்த்து மார்க் போடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அத்தானும் மைத்துனனும் விடிந்ததும் வரிசையில் நின்றார்கள்.

முப்பிடாதிக்கு ஏழு. மாடக்கண்ணுவுக்குத் தொண்ணூற்றொன்று.

போதாக்குறைக்கு, முப்பிடாதியின் படம் வெறும் கறுப்பு வெள்ளை. மாடக்கண்ணுவின் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு ஒளிர்ந்தது. வண்டியில் படம் எடுத்த சுஜிதா, கொஞ்சம் இருங்கள், சளி எடுக்க வேண்டும் என்று பின்னாலேயே கூப்பிட்டாள். மாடக்கண்ணு காதில் வாங்கவில்லை. நேரே ரத்தினம் டீக்கடைக்குப் போய், தன் நெஞ்சு கலரில் விழுந்திருப்பதாக அறிவித்தார். இப்படியொரு நெஞ்சு எப்படி உருவாகிறது என்று ஆராய்ச்சி பண்ணத்தான் சளியைக் கேட்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அதன்பின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன்களையெல்லாம், பேங்க் பேரைச் சொல்லி ஏமாற்றுகிறவன் என்று துண்டித்தார். பேச்சுக்கு நடுவே இருமினார். வாரக்கணக்கில் இருக்கிற இருமல். சாரல் காலத்தில் யார்தான் இருமவில்லை என்பார்.

முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. குற்றாலத்துக்குப் போய், மெயினருவிக் கூட்டத்தில் முட்டி மோதி நுழைந்து, விழுகிற தண்ணீரை நெஞ்சில் வாங்கினார். எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகை விட்டுவிடச் சொல்லி நெஞ்சை மட்டும் காட்டினார். ஐந்தருவி ரோட்டில் மூச்சை அடக்கியபடி நடந்து பார்த்ததில், சுற்றுலா வந்த ஒரு குடும்பம் அவரைத் தாங்கிப் பிடித்துச் சோடா வாங்கிக் கொடுக்கும்படி ஆயிற்று. இப்படியெல்லாம் தயாரான பிறகு, வண்டி கீழப்பாவூரில் நிற்பதாகக் கேள்விப்பட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார். முன்பு போட்ட மார்க்கில் தவறு இருக்கிறது, மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்று சுஜிதாவிடம் முறையிட்டார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். இது வலுவுக்குப் போடுகிற மார்க் இல்லை. நோய் இருக்குமோ என்கிற சந்தேகத்துக்குப் போடுகிற எண். ஏழு என்றால் நெஞ்சு சுத்தம்.

முப்பிடாதி அந்த இடத்திலேயே ஒரு சாண் வளர்ந்தார். அதன் பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்தது.

"அப்போ தொண்ணூத்தொண்ணுன்னா?"

"சந்தேகம் பலமா இருக்குன்னு அர்த்தம் சார். கம்ப்யூட்டர் சொல்லுதது முடிவில்ல, சளி டெஸ்ட்தான் முடிவு. டிபியா இருந்தாலும் மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிரும். சாப்பிடாம விட்டாத்தான் ஆளையே கொண்டு போயிரும். வீட்ல உள்ளவங்களுக்கும் ஒட்டும்."

வீட்டில் உள்ளவர்கள் என்றால் அக்காள். முப்பிடாதி பைக்கைத் திருப்பினார். அக்காளை நினைத்துப் பயந்தார். அத்தானை நினைத்தும் பயந்தார், அதுதான் அவருக்கே புதிதாக இருந்தது.

நேரே டீக்கடைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஏழு மார்க் எடுத்தவன் சொன்னால் யார் நம்புவார்கள்? பெயிலானவன் கேள்வித்தாளே தப்பு என்கிறான் பார் என்று அத்தான் சிரித்தார், சிரிப்பு இருமலாகிக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடை மொத்தமும் கூடச் சிரித்தது. வீட்டில் அக்காள் அழுது பார்த்தாள். உன் தம்பிக்கு வயிற்றெரிச்சல் என்று அவள் வாயையும் அடைத்துவிட்டார்.

சர்வீசில் எத்தனையோ பேரை அதட்டி ஜீப்பில் ஏற்றியவர் முப்பிடாதி. அத்தானிடம் அந்த அதட்டல் செல்லாது. அத்தானை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோகிற சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல முப்பிடாதிக்கு மனமே இல்லை. இருந்தாலும் மறுநாள் காலை, கடையில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றார்.

"அத்தான், நான் பொறாமையில பேசிட்டேன். ஒத்துக்கிடுதேன். பட்டாளத்து நெஞ்சுதான் பெருசு. போலீஸ் நெஞ்சு அதுக்குக் கால் தூசி பெறாது."

ரத்தினம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். முப்பிடாதி மிச்சத்தையும் சொன்னார். தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர்களுக்குத் தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் இரண்டாவது ரவுண்டு, போகாவிட்டால் மார்க் ரத்து. அத்தான் உடனே வீட்டுக்குப் போய் மெடல் குத்துகிற சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சளி எடுக்க டப்பா கொடுத்தபோது, இது போதுமா, இன்னொன்று வேண்டுமா என்று பெருந்தன்மையாகக் கேட்டார். டெஸ்டில் காசநோய் உறுதியானது. டாக்டர் அவரை உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். முப்பிடாதி வெளியே பைக் பக்கத்தில் நின்றார். காலமெல்லாம் காத்திருந்த ஜெயிப்பு உள்ளே நடந்துகொண்டிருந்தது, அது அவருக்குத் துளியும் இனிக்கவில்லை.

அத்தான் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மாத்திரைப் பையோடு வந்தார். மெடல்களைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார்.

"டிபின்னு சொன்னியே மாப்ள, அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் என்னைக் கூட்டியாந்திருக்க."

"ஆமா அத்தான்."

"அப்போ கடையில வச்சு சொன்னது? பட்டாளத்து நெஞ்சுதான் பெருசுன்னு?"

சொன்னதை வாபஸ் வாங்க இதைவிட நல்ல நேரம் வராது. முப்பிடாதிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தானைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. இந்த மனிதர் எப்போது இப்படி மெலிந்தார், தினமும் சண்டை போட்டும் தனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று முப்பிடாதிக்கு வெட்கமாக இருந்தது.

"அதுவும் நெசந்தான் அத்தான். ஏறுங்க."

அத்தான் பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை இருமிக்கொண்டே வந்தார். அதில் பாதி இருமல் இல்லை, அழுகை என்பது முப்பிடாதிக்கு முதுகில் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.