இரண்டு குழாய் குறைவு

சகலை வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றிக் கேட்டில் மாட்டினார். ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காருக்கு முன்னால் விரித்தார். உள்பனியனோடு அதில் மல்லாந்து படுத்து, தோளால் நகர்ந்து நகர்ந்து வண்டிக்கு அடியில் போனார். ஜவுளிக்கடைக்காரர் பக்கத்தில் நின்றார். வண்டி அவருடையது. வாசல் அவருடையது. அட்டைப்பெட்டிகூட அவர் கடைக்குப் போர்வை வந்த பெட்டிதான். இத்தனையும் தன்னுடையதாக இருக்கும்போது, தான் மட்டும் அடுத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்குப் பட்டது.

"எஞ்சின் நல்லா ஆறிடுச்சா சகலை?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"எஞ்சின் நேத்தே ஆறிடுச்சு" என்றார். ஆறாதது எது என்று சொல்லவில்லை.

சகலைக்கு பாங்க்கில் மேனேஜர் வேலை. அதுதான் பொறுக்க முடியாதது. மெக்கானிக்காக இருந்திருந்தால் கூலியைக் கொடுத்து, ஒரு டீயும் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பிவிடலாம். கண்ணாடி அறைக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவனுக்குக் கை வேலையும் தெரிந்திருப்பது, ஒரே ஆள் இரண்டு கடையை வளைத்துப் போட்ட மாதிரி. அடுத்தவன் பிழைக்க வேண்டாமா?

விஷயம் ரேடியேட்டர் இல்லை. ஜவுளிக்கடைக்காரரின் மனைவி பல வருஷம் கழித்து மறுபடி வேலைக்குப் போகிறாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில், ரத்தம் பரிசோதிக்கிற லேப்பில். வாரம் முழுக்க அங்கேயே தங்கல். திங்கள்கிழமை காலையில் பெட்டிகளோடு போய்ச் சேர வேண்டும். முதலில் அவர் வேண்டாம் என்றார். பிறகு யோசிக்கலாம் என்றார். பிறகு, ஊருக்கெல்லாம் தானே அனுப்பி வைப்பதாகச் சொல்லிக்கொண்டார். தடுக்க முடியாததை முன்னின்று நடத்துவது வியாபார தர்மம். தன் காரில், தானே ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே நாலு பேர் பார்க்க அவள் பையை ஒரு நிமிஷம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று மனதுக்குள் அளந்து வெட்டித் தைத்தே வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அக்கா புருஷன் போன் செய்தார். "நானும் திங்கக்கிழமை அந்தப் பக்கம்தான் போறேன், கூட்டிட்டுப் போறேன்" என்றார். "சரி அத்தான்" என்றாள் அவள். அப்படி ஒரு சரி, இழுக்காமல், நெற்றியைச் சுருக்காமல், ஜவுளிக்கடைக்காரருக்குக் கிடைத்து எவ்வளவு காலம் ஆயிற்று! "என் பொண்டாட்டிய நான் கொண்டு போய் விட மாட்டேனா?" என்று அன்றைக்கே முடிவைச் சொல்லிவிட்டார். முடிவைக் கேட்டது போல, கார் நடுரோட்டில் பானட் வழியாகப் புகை விட்டு நின்றது. ரேடியேட்டரில் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் எதுவும் திறக்காது. புது ரேடியேட்டரை அவர் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டார். மாட்டுவதற்கு ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவரைக் கேட்காமலே மனைவி போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டுவிட்டாள்.

"பத்து குடும்மா" என்றார் சகலை.

தரையில் பரப்பிக் கிடந்த ஸ்பேனர்களில் ஒன்றை அவள் எடுத்து நீட்டினாள். எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. சமையலறையில் கரண்டி எடுக்கிற மாதிரி எடுத்தாள்.

"அத்தான், கிளிப்பைப் பின்னாடி தள்ளிட்டு ஹோஸைத் திருகுங்க. சும்மா இழுத்தா கிழிஞ்சிடும்."

"அட, ஆமாம்மா."

ஜவுளிக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"எப்படின்னு கேட்டேன்."

"எத்தனை வருஷமா உங்க வியாபாரத்தையே கேட்டுட்டு இருக்கேன். காது வேற எதையும் கேக்கக் கூடாதா?"

வண்டிக்கு அடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. படுத்துக்கொண்டு சிரிக்கிறவனை அடிக்கவும் முடியாது, கூடச் சேர்ந்து சிரிக்கவும் முடியாது.

அடியில் இருந்த திருகைத் திறந்ததும் பச்சைத் தண்ணீர் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டியது. "சகலை, பூனை ஏதாவது வருதான்னு பாத்துக்குங்க. கூலன்ட் இனிக்கும். நக்குச்சுன்னா செத்துப் போயிடும்." கடையில் அத்தனை ஆட்களை மேய்க்கிறவருக்கு, அந்தத் தெருவிலேயே இல்லாத பூனையை மேய்க்கிற வேலை கிடைத்தது. அவரும் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காவல் காத்தார். அங்கிருந்து பார்த்தால் இருவரின் கைகள் தெரிந்தன. ஒரு கை நீளும், இன்னொரு கை அதில் எதையோ வைக்கும். பேச்சே இல்லை. பேசியிருந்தால்கூட ஒட்டுக் கேட்டு ஆறுதல் அடைந்திருக்கலாம்.

ஃபேனைக் கழற்றி, ஹோஸ்களைப் பிடுங்கி, பழைய ரேடியேட்டரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே தூக்கி எடுத்தார்கள். "பாத்து அத்தான், விரலு." ஜவுளிக்கடைக்காரர் எழுந்தார். இனி அவர் முறை. உள்ளே போய்ப் புதுப் பெட்டியைக் கொண்டுவந்து, சேலையை விரித்துக் காட்டுகிற அதே வீச்சோடு பிரித்து, பழையதன் பக்கத்தில் வைத்தார்.

சகலை குனிந்தார். பழையதைப் பார்த்தார். புதியதைப் பார்த்தார். விரலால் பழையதன் அடிப்பக்கத்தைத் தடவினார். அங்கே சுண்டுவிரல் தடிமனில் இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. புதியதில் அந்த இடம் மொழுக்கென்று இருந்தது.

ஜவுளிக்கடைக்காரர் காலிப் பெட்டியை மடிக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு குழாயை அவருக்கு நன்றாகத் தெரியும். கடையில் போனிலிருந்த ரேடியேட்டர் படத்தைக் காட்டியபோது, உதிரிபாகக்காரன் கேட்ட முதல் கேள்வியே, "தானா கியர் மாறுற வண்டியா, கையால போடுற வண்டியா?" என்பதுதான். முதல் கேள்விக்குப் பதில் சொன்ன வாடிக்கையாளன் பாதி தோற்றவன். தினமும் நூறு பேரைக் கேள்வி கேட்டே கவிழ்க்கிறவருக்கு இது தெரியாதா? "அதெல்லாம் அப்புறம். விலையைச் சொல்லுங்க" என்றார். சொன்னான். எடுத்துக் காட்டினான். படத்தையும் சரக்கையும் ஒப்பிட்டு, "ரெண்டு குழாய் குறையுதே. அதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்றார். அவன் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு குறைத்தான். அப்படிப் பேரம் பேசிய ஆளை அவன் தொழிலில் பார்த்தே இருக்க மாட்டான் என்று அப்போது பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அதை நடித்துக்கூடக் காட்டினார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தரம் நடித்தார்.

"என்ன அத்தான்?" என்றாள் அவள் இப்போது.

சகலை நிமிர்ந்து ஜவுளிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். ஒரே பார்வைதான். கடன் கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் படித்துப் படித்துப் பழகிய கண்.

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்மா. இது கை கியர் வண்டிக்கு உள்ளது. நம்ம வண்டிக்குக் கியர் ஆயிலும் இதுக்குள்ள வந்து சூடு ஆறிட்டுப் போகணும். அதுக்குத்தான் அந்த ரெண்டு குழாய்."

ஜவுளிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். நேற்று அந்த நாடகத்தை இரண்டு காட்சி பார்த்தவள். இப்போது வாயைத் திறந்தால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

"ஆமா அத்தான்" என்றாள். "இந்தக் கடைக்காரங்களே இப்படித்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பார். ஒருவர் சொன்ன பொய்யை இன்னொருவர் ஒத்திகை இல்லாமல் தாங்கிப் பிடித்தாரே, ஹோஸைப் பிடித்த மாதிரியே, ரேடியேட்டரைத் தூக்கிய மாதிரியே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவருக்காகச் சொன்ன பொய்யில்கூட அவருக்குப் பங்கு இல்லை.

"கியர்லேர்ந்து வர்ற ரெண்டு குழாயையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டிட்டா ஓடாதா?" என்றார்.

"தெரு முக்கு வரைக்கும் ஓடும். ஆஸ்பத்திரி வரைக்கும் போனீங்கன்னா கியர்பாக்ஸ் போயிடும் சகலை. ரேடியேட்டர மிச்சம் பிடிச்சு வண்டியையே விட்டுடாதீங்க."

கை கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்ட பிறகு, சகலை தன் கார் சாவியை எடுத்து ஜவுளிக்கடைக்காரரின் கையில் வைத்தார். "என் வண்டிய எடுத்துக்குங்க. என் வேலை இன்னொரு நாள் போனாப் போச்சு. நீங்களே கூட்டிட்டுப் போங்க. அதுதான் முறை." வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது. சாவியை மட்டும் விரல்கள் இறுக்கிக்கொண்டன. சகலை பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். எதிர்ச்சாரியில் மரத்தடியில் அவர் கார் நின்றது. பறவை எச்சம்கூட அதன் மேல் விழாதது அன்றைக்கு ஜவுளிக்கடைக்காரருக்குக் குற்றமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவர் பண்டிகைக்கு உடுத்துகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். யார் காராக இருந்தால் என்ன, ஓட்டுகிறவன் நான்தானே என்று குளிக்கும்போதே தன்னோடு பேசி ஒரு விலைக்கு வந்திருந்தார். எதிர்ச்சாரியில் இருந்த கார் இப்போது கேட்டை ஒட்டி, போகிற திசையைப் பார்த்து நின்றது. பெட்டிகள் பின்சீட்டில் ஏறியிருந்தன. மனைவி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சகலை அதுக்குள்ள வந்துட்டுப் போயிட்டாரா?"

"இல்லையே."

கதவைத் திறந்து உட்காரப் போனார். முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. தொப்பை அதற்கு மேல் முட்டியது. சகலை பனைமர உயரம். அவர் ஓட்டிய சீட் பின்னால் அல்லவா போயிருக்க வேண்டும்? இந்த சீட்டோ குட்டையான ஒருவருக்காக முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியும் கீழே இருக்கிற ஒரு முகத்தைத் தேடிக் கவிழ்ந்திருந்தது.

"வண்டிய யாரு எடுத்தது?"

"நான்தான். பெட்டி கனமா இருந்துச்சு. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க."

"நீயா?"

"அத்தான் கத்துக் குடுத்தாங்க. அக்காவும் கூட உக்காந்திருப்பா. முதல்ல உங்களத்தான் கேட்டேன். 'நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு'ன்னீங்க." குரலில் குற்றச்சாட்டு இல்லை. விலைப்பட்டியல் வாசிப்பது போல வாசித்தாள். "டயர், ஆயில், ஹோஸ் எல்லாம் காட்டிட்டுத்தான் சாவியவே தந்தாங்க."

ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிய வயிற்றோடு அவர் இருந்தார். சீட்டைப் பின்னால் தள்ளும் பிடி எங்கே என்று கை தடவியது. பக்கவாட்டில் இல்லை. கதவில் இல்லை.

"அடியில, நடுவுல" என்றாள் அவள். "கம்பி மாதிரி இருக்கும். மேல தூக்கணும்."

விரலுக்குக் கம்பி கிடைத்தது. தூக்கினால் சீட் பின்னால் போகும். அவர் தூக்கவில்லை. அவள் கிளம்பு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. திறந்த கதவின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தோளில் ஆஸ்பத்திரிப் பை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தாள். வெறுங்காலோடு ஓட்டித்தான் பழக்கம் போலிருக்கிறது.