பத்து நிமிடத் தையல்

பேண்ட்டின் கால் நுனியை மடித்து ஊசிக்கு அடியில் வைத்தபோது, எதிரே நின்றவர்களின் முகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள் தையலக்கா. எல்லோர் கண்ணும் அவள் தலைக்கு மேலே இருந்தது. கடிகாரத்தைத் தெருவைப் பார்க்க மாட்டியிருந்தார் முதலாளி. அவளுக்கு அந்த முகங்கள்தான் கடிகாரம். சும்மா நின்றால் நாலைந்து நிமிடம். வாயோரம் சிரிப்பு வந்துவிட்டால் எட்டு தாண்டிவிட்டது.

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு துணிக்கடைகள். எல்லாக் கடையிலும் அதே பேண்ட், அதே சட்டை, அதே விலை. இரண்டு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த முதலாளி, ஒருநாள் பெயின்ட் காயாத பலகையோடு வந்து நின்றார். 'பத்தே நிமிடத்தில் அளவு திருத்தித் தரப்படும். தவறினால் துணி இலவசம்.'

"பழைய தையலைப் பிரிக்கவே மூணு நிமிஷம் ஆகும்ண்ணே" என்றாள்.

"உன்னால முடியாததாக்கா?" முதலாளி அவளைவிட ஏழு வயது மூத்தவர், ஆனால் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். "நாலு பேர் நம்ம கடையைத் திரும்பிப் பாக்கணும்ல? தவறிப்போனா பாதி என் தலையில, பாதி உன் சம்பளத்துல. நியாயந்தானே?"

வீட்டில் கணவர் இடுப்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவள் தலையாட்டினாள்.

கூட்டம் வந்தது. துணி வாங்க வந்தவர்கள் பாதி, அவள் தோற்பதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. நடுவில் எழுந்து போக முடியாது என்பதால் மத்தியானம் வரை தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஒரு பெரிய உடம்புக்காரர் தடித்த ஜீன்ஸ் ஒன்றை நீட்டினார். இரண்டாவது காலில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி திணறியது. கூட்டம் உரக்க எண்ண ஆரம்பித்தது. அவள் வலது கை விரலால் துணியை அழுத்தித் தள்ளினாள். ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

"ஐயோ! கடிகாரத்தை நிறுத்துங்கப்பா!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார் ஜீன்ஸ்காரர். "போர்டுல அப்படி ஒண்ணும் எழுதலையே."

அவள் யாரையும் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே ஏற்றினாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இடது கையாலேயே ஓட்டி முடித்து, நூலை அறுத்துப் போட்டாள். பத்து நிமிடத்துக்குப் பதினோரு நொடி பாக்கி இருந்தது. கூட்டம் கைதட்டியது. ஒரு கணம் அவளுக்கே சிரிப்பு வரப் பார்த்தது. அப்புறம்தான் விரலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஒரு வாரத்துக்கு மெஷின் பக்கமே போகாதம்மா" என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார் டாக்டர். லீவு கேட்பதென்று முடிவு செய்துகொண்டுதான் திங்கட்கிழமை வந்தாள்.

கடை திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் நின்றார்கள். முதலாளி முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"தெருவே உன் பேச்சாத்தான் இருக்கு! மத்த நாப்பத்தொரு கடையையும் எவனும் சீந்தலை."

"அண்ணே, கை வீங்கியிருக்கு. ஒரு வாரம்..."

"இடது கையாலதானேக்கா தைச்ச? அதைப் பாக்கத்தானே வந்திருக்காங்க. இன்னைக்கு ஒருநாள் ஒப்பேத்திடு, நாளைக்குப் பேசிக்கலாம்."

வாசல் ஓரத்தில் தச்சர் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்துக்குப் பலகை மேடை, ஏறிப்போக இரண்டு படி. அதன்மேல் அவளுடைய மெஷின் தெருவைப் பார்த்து நின்றது. நாற்காலியில் புத்தம் புது மெத்தை.

"பின்னால நிக்கிறவங்களுக்குத் தெரியலைன்னு சொன்னாங்க" என்றார் முதலாளி. மெத்தையைத் தட்டிக் காட்டினார். "இது உனக்காக நானே வாங்கினது."

அவள் படியேறி உட்கார்ந்தாள். முதல் பேண்ட் மடியில் வந்து விழுந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, மரியாதையாகவே கேட்டார்:

"அக்கா, அந்தக் கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. எங்களுக்குத் தெரியலை."