ஹீட்டரை அணைத்த மண்டபம்

என் புருஷன் டெஸ் நல்ல மனுஷன். அதுதான் தொல்லையே. பௌல்ஸ் என்ற பந்து உருட்டும் ஆட்டத்தின் இறுதிப்போட்டிக்கு வருகிறவர்கள் நடுங்கக் கூடாதாம். எங்கள் ஊர் மண்டபத்தின் ஹீட்டர்களை ராப்பகலாக ஓட விட்டிருந்தான். அதற்கு முன்னால், பந்து உருட்டும் கம்பளி விரிப்பில் கிரேவிக் கறை இருந்ததைப் பார்த்து, விரிப்பு முழுவதையும் வாளி வாளியாக வெந்நீர் ஊற்றிக் கழுவியும் இருந்தான்.

நான் போய்ப் பார்த்தபோது விரிப்பு சுருங்கி, தரையில் போட்டிருந்த அளவுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. ஓரங்கள் சுருண்டு தூக்கிக்கொண்டிருந்தன. தரைப்பலகைகளுக்கு நடுவே சந்து விழுந்திருந்தது.

"என்னடா இது டெஸ்?"

"விரிப்பும் சீக்கிரம் காயட்டும்னு போட்டேன், நோலீன். சூடு நல்லதுதானே?"

"நல்லதா? அடியில இருக்கறது சணல். நனைஞ்சா சுருங்கும். சூட்டுல காய வெச்சா அப்படியே இறுகிடும். மரமும் ஈரம் வத்தி ஒடுங்கிப் போச்சு. தாயில்லாத ஆட்டுக்குட்டியா இது, அடுப்போரத்துல வெச்சு வளர்க்க?"

அவன் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க நேரமில்லை. விரிப்பு அளவு குறைந்தால் நடுவர் பெரில் போட்டியை அலெக்ஸாண்ட்ரா ஊர் மண்டபத்துக்கு மாற்றிவிடுவாள். ஏற்கெனவே ஆள் குறைந்துபோன கிளப் எங்களுடையது. இந்தப் போட்டியும் கைவிட்டுப் போனால் கிளப்பையே மூடிவிடுவார்கள். அதை நடக்க விடக் கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

ஹீட்டர்களை அணைத்து ஜன்னல்களைத் திறந்தேன். பனிக்காற்று உள்ளே வந்தது. விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, இறுகிய சணல் இழுக்க இளகி வரட்டும் என்று அதன்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தோம்.

"போய் வேலிக்கம்பி இழுக்கற சங்கிலி ரெண்டையும் எடுத்துட்டு வா," என்றேன்.

"விரிப்புக்கா? கிழிஞ்சிடும்டி!"

"ஆடு மேய்க்கறவன்தானே நீ? கம்பி அறாம இழுக்கத் தெரியாதா?"

விரிப்பின் இரு முனைகளையும் கட்டைகளுக்கு நடுவே இறுக்கி, ஒரு சங்கிலியை மேடைத் தூணிலும் மற்றதைக் கதவுக்கு வெளியே டிராக்டரிலும் மாட்டினோம். சங்கிலியை இறுக்கும் பிடியை ஒரு பல் நகர்த்தி இழுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஒரு பல். கை மரத்துப்போகும்போதெல்லாம் டெஸ் ஹீட்டர் பக்கம் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். குளிரிலேயே மெள்ள மெள்ள உலர விட்டோம். போட்டி நாளுக்குள் பலகைச் சந்துகளும் முக்கால்வாசி அடைந்துவிட்டன.

அன்று பெரில் அளவு நாடாவோடு வந்தாள். பேசும்போது வாயில் ஆவி பறந்தது. குனிந்து அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள்.

"அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா இதென்ன மண்டபமா, கறிக்கடைக் குளிர்ப்பெட்டியா? ஹீட்டரைப் போடுங்க."

அவள் சுவிட்சை நோக்கி நடந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் டெஸ் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"தொடாதீங்க பெரில். வேணும்னா என் கோட்டைப் போட்டுக்கோங்க."

சொன்னபடியே கழற்றியும் கொடுத்தான். உள்ளே வெறும் சட்டைதான். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது.

எல்லோரும் கம்பளித் தொப்பியோடு ஆடினோம். பந்து எங்கும் தட்டாமல் ஓடியது. நாங்கள்தான் தோற்றோம்.

டெஸ்ஸின் கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பெரிலின் மூக்கு சிவந்திருந்தது.

"அடுத்த வருஷம் இங்க வரும்போது," என்று முறைத்தாள், "நான் சுடுதண்ணிப் பையோடதான் வருவேன்."